சட்டைப்பைக்கு நன்றி

கிறிஸ்துவில் அன்பார்ந்த நம் பங்கு மக்களுக்கு,

மலாவி நாட்டுப் பிளாண்டயரில் இப்போது குளிர்காலம். மொசாம்பிக் பக்கத்து மலையிலிருந்து சிப்பெரோனி என்று ஒரு தூறல் மூட்டம் வந்து இறங்கியிருக்கிறது. மூன்று நாளாகத் துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. ஆனாலும் இன்று காலை நாம் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேரும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், சிலர் ஈரச் சட்டையோடு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மார்ச்சில் நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. போனில் நான் அழுததை நீங்கள் கேட்டதே போதும். ஓகி புயலைப் பார்த்த ஊருக்கு ஃப்ரெடி புயலை நான் விளக்கவும் வேண்டாம். நம் ஊரில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. இங்கே கடலே இல்லாத நாட்டில், வீட்டில் படுத்திருந்தவர்கள் மேல் மலை சரிந்தது.

யார் யாருக்கு நன்றி சொல்வது? மண்வெட்டி கிடைக்காமல் வெறுங்கையால் சேற்றைத் தோண்டிய இளைஞர்களுக்கு. புயலுக்கு முன்பிருந்தே காலராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்து, அப்புறமும் குளோரினைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக நடந்த சுகாதாரப் பணியாளர்களுக்கு. நாங்கள் கத்தோலிக்கர் என்று பார்க்காமல் பெரிய பானைகளையும் விறகையும் தலையில் சுமந்து வந்த பிரஸ்பிட்டேரியன் சபையின் ம்வானோ சங்கத்து அம்மாமாருக்கு. முகாமில் இருந்தவரை கூலி வாங்காமல் மக்காச்சோளம் அரைத்துக் கொடுத்த சிகாயோ என்கிற மாவு மில் வைத்திருப்பவருக்கு (அவர் தொழுகைக்குப் போகும் நேரத்தில் மட்டும் மில் நிற்கும்). தவக்காலத்தில் ஒரு நாள் மீன் விற்ற காசை அப்படியே உண்டியலில் போட்ட நம் கடற்கரை அம்மாமாருக்கு. விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஒரு டெய்லரைப் பற்றி. இந்த ஊரிலும் டெய்லரைத் தெலாலா என்றுதான் சொல்கிறார்கள். சந்தைப் பக்கம் ஒரு கடைத் திண்ணையில், காலால் மிதித்து ஓட்டும் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். நீங்கள் அனுப்பிய பணத்தில் துணி எடுத்து, பிள்ளைகளின் சீருடையை அவரிடம்தான் கொடுத்தேன். மூன்று பள்ளிக்கூடம், மூன்று நிறம். 1994 முதல் மலாவியில் ஆரம்பப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கிழிந்ததைப் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்காரக் கூசியே பல பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.

துணியோடு ஒரு காகிதத்தில் படமும் வரைந்து கொடுத்தேன். இடது மார்பில் நம் பங்கின் பெயர், அதற்கு மேல் சிறிய சிலுவை, வெள்ளை நூலில். உங்களுக்குப் போட்டோ அனுப்பும்போது பெயர் தெரிய வேண்டும் என்ற ஆசை. வேறெந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

பத்து நாள் கழித்து வாங்கப் போனால் பெயரும் இல்லை, சிலுவையும் இல்லை. அந்த இடத்தில் ஒரு பை. பெண் பிள்ளைகளின் கவுனிலும்கூட. நாற்பத்து மூன்றிலும் மூலை மடித்து, மேலே மூடி வைத்துத் தைத்திருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் கேட்டது இதுவா?" என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "சிஸ்டர், எனக்கும் மூன்று பிள்ளைகள். அவர்கள் சட்டையில் யார் பெயரும் இல்லை" என்றார்.

நான் பதில் பேசவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பைகளுக்குத் தனியாகக் கூலி கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெட்டிப் போட்ட துண்டுகளிலேயே தைத்திருக்கிறார். அவருடைய மெஷினும் சேற்றிலிருந்து தோண்டி எடுத்ததுதான் என்று அப்புறம் ம்வானோ அம்மா ஒருவர் சொன்னார். அதனால்தானோ என்னவோ, நாலு தையலுக்கு ஒரு தையல் விட்டுப்போயிருந்தது.

இந்த ஊர் மொழியில் சோள மூட்டைக்கும் தும்பா, சட்டைப்பைக்கும் தும்பா. நான் மார்ச்சிலிருந்து பெரிய தும்பாவையே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். இத்தனை மூட்டை வந்தது, இத்தனை போனது, அடுத்த வாரத்துக்கு எத்தனை. அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வயலே அடித்துக்கொண்டு போனால் வேறென்ன எண்ணத் தோன்றும்?

உங்களில் சிலர் போனில் கேட்டீர்கள், ஓர் இல்லம் கட்டிவிடலாமே என்று. வேண்டாம். பிள்ளைகள் இப்போது பாட்டி வீட்டிலும் சித்தி வீட்டிலும் இருக்கிறார்கள். பாட்டியை இங்கே அகோகோ என்பார்கள். எய்ட்ஸ் இந்த நாட்டை வாரிக்கொண்டு போன காலத்தில், 2004-இல் இலவச மருந்து வருவதற்கு முன்னால், மகனையும் மகளையும் புதைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளை வளர்த்தவர்கள் இவர்கள். இனி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இருந்த வயதில் மறுபடி மடியில் குழந்தை. அவர்களுக்கு வேண்டியது மாவு, கம்பளி, நாலு தகரம், நோட்டுப் புத்தகம். அகோகோ இருக்கிற பிள்ளைக்கு நான் எதற்குக் கட்டில் போட வேண்டும்?

இன்னொன்று. ஏப்ரலில், பிள்ளைகளை மாவு மூட்டையோடு வரிசையாக நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். அதை அரங்கத்தில் மாட்டியிருந்தால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். இனி அப்படி ஒன்றை எடுக்கவும் மாட்டேன், அனுப்பவும் மாட்டேன். கணக்கு மாதாமாதம் வரும், பைசா சுத்தமாக. கோபப்படாதீர்கள், கோபம் வந்தாலும் எனக்கு எழுதுங்கள்.

பைக்குள் என்ன இருக்கிறது என்று நேற்று பார்த்தேன். பெரும்பாலும் நிலக்கடலை. ஒருத்தியிடம் கட்டைப் பென்சில், இரண்டு பக்கமும் சீவியது. ஒரு பையன் சோடா மூடிகளை அடைத்து வைத்திருந்தான். இங்கே பிள்ளைகள் கம்பியை வளைத்து கலிமோட்டோ என்று கார் செய்வார்கள், அதற்குச் சக்கரம். கனம் தாங்காமல், தையல் விட்ட இடத்தில் பை கிழிந்து தொங்குகிறது. நாளைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு திண்ணைக்குப் போக வேண்டும். நூலுக்காவது காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று இந்த முறை கேட்டுப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை,
பிளாண்டயரிலிருந்து