‘தானாகவே’ என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழில், நாடு முழுவதும் கண்ணாடி இழைக் கேபிள் பதிக்கும் வேலையைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது. கடைசிப் பத்தியில், இந்தக் கட்டமைப்பு முழுமை பெற்றால் வீடுகளின் இணையக் கட்டணம் தானாகவே குறைந்துவிடும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியால் அன்று என் மத்தியானத் தூக்கம் போயிற்று. எங்கள் கட்டடத்தில் தானாகவே விழுவது மாடிப்படிச் சுவரின் பூச்சு மட்டும்தான். வேறு எதுவும் தானாக இறங்கி நான் பார்த்ததில்லை.

எனக்கு வயது 71. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தவள். 1979-இல் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். ட்ரங்க் கால் காலம் அது, வெளியூருக்குப் பேச எங்களைப் போன்ற ஆபரேட்டர்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். தாராவியிலிருந்து ஊருக்குப் பேச வேண்டுமென்றால் காலையில் பதிவு செய்துவிட்டு மாலை வரை காத்திருப்பார்கள். அவசர அழைப்பு என்றால் இரண்டு மடங்கு, அதைவிட விரைவான ‘லைட்னிங்’ என்றால் எட்டு மடங்கு கட்டணம். சாவுச் செய்தி சொல்லக்கூட ஜனங்கள் சாதாரண அழைப்பையே கேட்பார்கள். “எட்டு மடங்கா? வேண்டாம்மா, நாங்கள் ரயிலிலேயே போய்விடுகிறோம்” என்று ஒருவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு ஆபரேட்டர் இல்லாமல் நேரே வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்தது. மஞ்சள் பலகை வைத்த கடைகள் முளைத்தன. இரவு 11 மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம் என்பதால் ஜனங்கள் பாதித் தூக்கத்தில் வரிசையில் நின்றார்கள். ஆசிரியர் அவர்களே, நீங்களும் நின்றிருப்பீர்கள். அந்தக் காலத்திலேயே ஊருக்கு ஊர் கேபிள் பூமிக்குள் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் புதிது புதிதாகப் பதித்தார்கள், திறனும் கூடிக்கொண்டே போனது. நடுராத்திரி வரிசை மட்டும் கலையவில்லை. 2000-இல் வெளியூர் அழைப்புத் தொழிலைத் தனியாருக்கும் திறந்துவிட்டார்கள், கைப்பேசிக்காரர்களும் களத்தில் இறங்கினார்கள். அதன் பிறகுதான் கட்டணம் படிப்படியாக இறங்கி, 2006 மார்ச்சில் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டம் வந்தது. உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: விலையை இறக்கியது கம்பி அல்ல, எதிரே திறந்த இரண்டாவது கடை. உங்கள் கட்டுரையாளருக்கு இது தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும்.

இப்போது என் கட்டடத்துக்கு வருகிறேன். சயான் கோலிவாடாவில் ஏழு மாடி. இணையத்துக்கு ஒரே ஒரு கேபிள்காரர். மாதம் 650 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 767. எதிர்ச் சாரியில், நான் துணி உலர்த்தும்போது கண்ணில் படும் கட்டடத்தில், இதைவிட மூன்று மடங்கு வேகத்துக்கு 499, வரியோடு 588 ரூபாய் 82 காசு. நடுவில் இருப்பது இருபதடிச் சாலை. இந்த இருபதடிக்கு மாதம் 178 ரூபாய் 18 காசு கொடுக்கிறேன். பென்ஷன்காரிக்குக் காசும் கணக்குத்தான்.

ஏன் மாறக் கூடாது என்று கேட்பீர்கள். கேட்டேன். போன கணபதி விழாவுக்கு முந்தின வாரம் எதிர்க் கட்டடத்துக்கு இணையம் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும். தோளில் கறுப்புக் கேபிள் சுருள், கையில் ஏணி. இழையின் நுனியில் தூசி படாமல் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தான், கைக்குழந்தையின் விரலில் துணி சுற்றியதுபோல. மூன்றாவது மாடி வரை வந்துவிட்டான். அங்கே எங்கள் சொசைட்டி (கட்டடக் குடியிருப்போர் சங்கம்) செக்ரட்டரி நிறுத்திவிட்டார். படிக்கட்டுச் சுவரில் புதிய கேபிள் போக அனுமதி இல்லையாம், அழகு கெடுமாம். பூச்சு உதிர்ந்த சுவரின் அழகு! கீழ்த்தளத்துக் கேமராக்களை இப்போதைய கேபிள்காரர் இலவசமாக மாட்டிக் கொடுத்தார், கணபதி மண்டபத்துச் சீரியல் விளக்குச் செலவும் அவருடையதுதான் என்பதை செக்ரட்டரி சொல்லவில்லை. மற்ற எல்லாரும் சொன்னார்கள். பையன் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். சுருளைத் திரும்பச் சுற்றிக்கொண்டே, “ஆஜி (மராத்தியில் பாட்டி), இந்த மாதத்தில் இப்படி நாலாவது கட்டடம்” என்றான்.

அவனைத்தான் உங்கள் கட்டுரையில் தேடினேன். காணவில்லை.

சரி, தேசத்துக்கு வருவோம். இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2011 அக்டோபரில். பிற்பாடு அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது. 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதமாக அரசு வசூலிக்கும் நிதி இதற்கெல்லாம் போகிறது. அந்த 5 சதவீதம் நிறுவனத்தின் பாட்டன் சொத்தா? நாம் கட்டும் பில்தானே! ஆக அந்தக் கேபிளில் என் காசும் கொஞ்சம் இருக்கிறது. அதைக் குறை சொல்லவில்லை. கிராமத்துக்குப் போகட்டும், போக வேண்டும். ஆனால் ஊராட்சி அலுவலகச் சுவர் வரை வருகிற இழையை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற என் அண்ணன் வீட்டுக்கு யார் இழுப்பது, மாதம் என்ன வாங்குவது, எத்தனை பேர் போட்டிக்கு வருவார்கள்? கட்டுரை அங்கே நின்றுவிட்டது. அண்ணன் இன்றைக்கும் கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்துதான் இணையம் பார்க்கிறார். மும்பையில் என் கைப்பேசி ரீசார்ஜுக்கு நான் கொடுக்கும் அதே விலைதான்.

பெரிய கேபிள் பக்கத்தில் இருந்தால் விலை குறையும் என்றால், நாட்டிலேயே குறைவாகக் கட்ட வேண்டியவர்கள் நாங்கள்தான். கடலடிக் கேபிள்கள் இந்தியாவில் கரையேறுவது மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில். எங்கள் வெர்சோவா கடற்கரை மணலுக்கு அடியில் உலகமே ஓடுகிறது. அங்கிருந்து சயான் அப்படியொன்றும் தூரமில்லை. விலைக் குறைவு மட்டும் எங்கள் மூன்றாவது மாடிக்கு வந்து சேரவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். கம்பியே இல்லாத இடத்தில் கம்பி வந்தால் நிலைமை மாறத்தான் செய்யும். அந்தமான் அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போனதும் அங்கே வாழ்க்கை வேறாயிற்று. அங்கே பஞ்சம் கம்பிக்கு. எங்கள் கட்டடத்தில் பஞ்சம் கதவுக்கு. இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பியதுதான் எனக்கு ஆற்றாமை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பரில் ஒரு புதிய நிறுவனம் இலவச இணையத்தோடு கடை விரித்தபோது, மற்றவர்கள் அத்தனை பேரும் விலையை இறக்கினார்கள். 2022 அக்டோபரில் 5ஜி வந்தது. கோபுரங்கள், கருவிகள், எல்லாம் புத்தம் புதிய கட்டமைப்பு. 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் ஒருவர் பின் ஒருவராக, ஒரே வாரத்துக்குள் கட்டணத்தை ஏற்றினார்கள். கடைகள் குறைந்துபோயிருந்தன, அவ்வளவுதான். இதை உங்கள் பத்திரிகையே முதல் பக்கத்தில் போட்டது. எடுத்து வைத்திருக்கிறேன்.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கேபிள்காரரின் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். இயந்திரக் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. மனிதக் குரல் வர 14 நிமிடம் ஆனது. நாங்கள் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேரிடம் “நம்பர் ப்ளீஸ்” சொன்னவர்கள். எங்கள் மேற்பார்வையாளர் பின்னால் நின்று, மணி அடித்து எத்தனை வினாடியில் எடுக்கிறோம் என்று பார்ப்பார். யாரிடம் போய் இதைச் சொல்வது. கட்டடங்களின் இணைய வசதிக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுக்க ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2024-இல் விதிமுறை கொண்டுவந்ததாகப் படித்தேன். எங்கள் செக்ரட்டரியிடம் சொன்னேன். தீபாவளிக்குக் கட்டும் நட்சத்திரம் என்று நினைத்துக்கொண்டு, நிதி இல்லை என்றார்.

உங்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. 38 ஆண்டு வாசகி நான். மாட்டுங்கா நிலையத்துக்கு வெளியே இருக்கும் கடைக்கு உங்கள் பத்திரிகை வந்து சேர்வதற்குள் செய்தி ஊசிப்போய்விடுகிறது. மழை நாளில் அதுவும் இல்லை. 2019-இல் இதைப் பற்றி எழுதினேன், பதில் இல்லை. 1994-இல் ஒரே ஒரு கடிதம் வெளியிட்டீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் என் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று போட்டீர்கள். டெலிபோன் துறையைப் பற்றி எழுதினால் ஆணாகத்தான் இருக்க வேண்டும்போலும்.

காகிதம் வருவதில்லையே என்று இப்போது உங்கள் இணையப் பதிப்பைக் கைப்பேசியில் பார்க்கிறேன். திறந்ததும் நகைக்கடை விளம்பரம் தானாக ஓடத் தொடங்குகிறது. அதை மூடினால் அடியில் இன்னொன்று, ஒரு புடவைக்கடை. கட்டுரை கீழே எங்கோ கிடக்கிறது. அன்றைய ஒன்றரை ஜி.பி. காலை காப்பிக்கு முன்பே கரைய ஆரம்பிக்கிறது. (தானாக நடப்பது இது ஒன்று இருக்கிறது, மறந்துவிட்டேன்.) இணையக் கட்டணம் குறையும் என்ற செய்தியைப் படிக்க நான் இணையத்துக்குக் கொடுத்த விலை என்ன என்று உங்கள் கட்டுரையாளர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்த விளம்பரப் படங்களை, தொட்டால் மட்டும் ஓடும்படி மாற்றிக் கொடுங்கள். முடிந்தால், அடுத்த முறை இதே பொருளில் எழுதும்போது ‘தானாகவே’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். கட்டுரையாளர் மும்பை வந்தால் எங்கள் மூன்றாவது மாடி வரை அழைத்துப்போகிறேன். அதற்கு மேல் செக்ரட்டரி அனுமதி வேண்டும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். கேபிள்காரரும் உங்கள் வாசகர்தான், என் வீட்டுக்கு இழை போவதும் அவர் பெட்டி வழியாகத்தான். ‘திரு’ போடும் சிரமமும் உங்களுக்கு மிச்சம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
சயான் கோலிவாடா, மும்பை.