சின்னத் தாத்தாவுக்குத் திதி கிடைத்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டுப் படையலில் ஒரு சுருட்டு எப்போதும் தனியாக இருக்கும். "இது பர்மாவுக்குப் போனவருக்கு" என்று சொல்லித்தான் அப்பாயி அதை வைப்பார். தாத்தாவின் தம்பி அவர். தாத்தா கங்காணியோடு கிளம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு, இந்தப் பொகவந்தலாவைப் பக்கம் வந்துவிட்டார். தம்பி திருச்சிராப்பள்ளிப் பக்கத்துத் துறையூரிலேயே இருந்து, பிறகு இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, ரோடு போடுகிற படையோடு பர்மாவுக்குப் போனார். செத்துப்போனார் என்று ஊரிலிருந்து கடிதம் வந்ததாம். என்றைக்கு என்று மட்டும் யாருக்கும் தெரியாது. நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் ஆடி அமாவாசைதானே, அவருக்கும் அதுதான்.

போன வருஷம் என் பேத்தி போனும் கையுமாக, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் போய் உட்கார்ந்தாள். எங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காக எடுப்பது அங்கேதான். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது. 1917இல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 இலட்சம் பேரின் விவரம் அதன் இணையதளத்தில் உண்டு. கண்டி பிட்டகந்த யுத்த மயானமும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. சின்னத் தாத்தாவின் பெயரை எப்படி எப்படியோ எழுதிப் பார்த்தாள், வரவில்லை. அவர் பெயரில் ஒரு 'ழ' உண்டு. அந்தக் காலத்துப் பட்டாளத்துக் கிளாக்கர் அதை என்ன பாடு படுத்தினாரோ! "பெயரை விடு, ஊரைப் போடு" என்றேன். திருச்சிராப்பள்ளி என்று போட்டால் கிடைக்காது, வெள்ளைக்காரன் சொன்ன மாதிரி 'ட்ரிச்சினோபொலி' என்று போட வேண்டும். வந்தது. இன்னாரின் கணவர், ஊர் துறையூர் என்று இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் அப்பாயி வாயால் நான் ஆயிரம் தடவை கேட்ட பெயர். கீழே தேதி: 1944 மார்ச் 19.

உடல் கிடைக்காததால் அவருக்குக் கல்லறை இல்லை. ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியான் நினைவுச் சின்னத்தில், கிட்டத்தட்ட 27,000 பெயர்களில் ஒன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே உள்ள அஞ்சலி வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி என ஐந்து மொழிகளில் இருக்கிறது. தமிழில் இல்லை.

சரி, தேதி கிடைத்துவிட்டது. போனிலேயே பஞ்சாங்கம் பார்த்தோம், பங்குனித் தேய்பிறை. இந்த வருஷம்தான் முதல் தடவையாக அவருடைய திதியிலேயே சோறு வைத்தோம். படம் கிடையாது. அதனால் கொமியுனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்த அந்தத் தாளைச் சுவரில் சாய்த்து வைத்து என் மனைவி சந்தனம் வைத்தார். ஈரம் பட்டு மை கொஞ்சம் பரவிவிட்டது.

நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. பேத்தி அந்தப் பதிவைப் பேஸ்புக்கில் போட்டாள். ஒரு வாரம் ஆகவில்லை, யாரோ நடத்துகிற ஒரு பக்கத்தில் சின்னத் தாத்தா மறுபடியும் வந்தார். பெயர் மட்டும்தான் அவருடையது. முகம் தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கிய இளைஞருடையது. கீழே 'கார்கில் நாயகன்'. கார்கில் சண்டை 1999இல் நடந்தது ஐயா! 'உண்மைத் தமிழன் என்றால் ஷேர் பண்ணு' என்று வேறு. வீரவணக்கம், கும்பிடுகிற கை, மெழுகுவர்த்தி என்று வரிசையாக வந்து விழுந்தன. பேத்தி திருத்தம் எழுதினாள், அதை அழித்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சீக்கியப் பையனை நினைத்துத்தான் அதிகம் கஷ்டமாக இருந்தது. அவன் உயிரோடு இருக்கிறானோ என்னவோ, அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்.

2019இல் காஷ்மீரின் புல்வாமாவில் குண்டுத் தாக்குதலில் இந்திய மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் இறந்தபோது, அவர்களுடைய உடல்கள் என்று பொய்ப் படங்கள் சுற்றுகின்றன, பகிராதீர்கள் என்று அந்தப் படையே அறிக்கை விட வேண்டியிருந்தது. பிணத்தின் மேல் ஏறி நின்று லைக் வாங்குவதற்கு அஞ்சலி என்று பெயர் வைக்காதீர்கள். இணையத்தில் இறந்தவர்களுக்கென்று உள்ள கல்லறைப் பக்கங்களில் பூப் படம் வைக்கிற ஒரு தளமும் உண்டு. முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், தௌக்கியானுக்கு நான் எங்கே போகப் போகிறேன்? வைப்பவர் யாருக்கு வைக்கிறோம் என்று தெரிந்து வைத்தால் அதுவும் பூதான்.

முதலாம் உலகப் போரில் இறந்தவர்களில், பெரும்பாலும் கிழக்கு ஆபிரிக்க, எகிப்தியப் படையினர், குறைந்தது 116,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, ஒருவேளை எந்த விதத்திலுமே நினைவுகூரப்படாமலும் இருக்கலாம் என்று 2021இல் அந்த ஆணைக்குழுவே அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது. இறந்தவர்களைப் பற்றிக் குடும்பத்தார் எழுதி அனுப்பவும் இப்போது அவர்கள் தளத்தில் இடமிருக்கிறது. தோட்டத்து லயன் வீடுகளில் இன்னும் எத்தனை வீட்டில் இப்படிச் சுருட்டு வைக்கிறார்களோ! உங்கள் ஞாயிறு இதழில், பழைய ஊர்ப் பெயர்களைக் கொண்டு எப்படித் தேடுவது என்று அரைப் பக்கம் போட்டால் புண்ணியமாகப் போகும். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மனைவியின் பெயரை அப்பாயி சொல்லாமல் போயிருந்தால் எங்களுக்கு அந்தப் பதிவு யாருடையது என்றே தெரிந்திருக்காது.

பதிவில் உள்ள பெயரைத் திருத்தச் சொல்லி ஆணைக்குழுவுக்கு எழுதியிருக்கிறோம். ஆதாரம் என்று எங்களிடம் இருப்பது, தாத்தாவின் தகரப்பெட்டியில் கிடந்த ஒரு தபால் கார்டு. சின்னத் தாத்தா ஊரிலிருந்து போட்டது. கீழே தமிழில் கையெழுத்து, 'ழ' சுழி போட்டுத் தெளிவாக இருக்கிறது. கார்டில் வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. யாராவது ஊருக்கு வந்தால் அரை றாத்தல் தேயிலைத் தூள் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை.