ஷெர்லி கார்டும் கருப்பின முகங்களும்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் போர்ட்ரைட் போட்டோகிராஃபி பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா அமெரிக்கப் பத்திரிகைகள்ல கருப்பின மக்கள் முகம் எப்படி வந்துச்சுங்கிறத ஒரே வரில முடிச்சுட்டீங்க, அது வருத்தமா இருக்கு.

பிலிம் தயாரிச்ச கோடாக் கம்பெனி ரொம்ப வருஷமா போட்டோ பிரிண்ட் போடுற லேப்களுக்கு, கலர் சரி பார்க்க ஷெர்லி கார்டுனு ஒரு படம் அனுப்பிட்டு இருந்துச்சு, அதுல இருந்தது வெள்ளைக்காரப் பொண்ணு, அவங்க ஸ்கின் கலர் சரியா வந்தா பிரிண்ட் ஓகே. இதனால ஸ்கூல் குரூப் போட்டோல கருப்பினப் பசங்களுக்குக் கண்ணும் பல்லும் மட்டும் தெரிஞ்சுச்சு, அம்மாக்கள் கம்ப்ளைன்ட் பண்ணாங்க. ஆனா பிலிம மாத்த வச்சதுல பெரிய பங்கு சாக்லேட் கம்பெனிக்கும் மரச்சாமான் கம்பெனிக்கும்தான், விளம்பரத்துல பிரவுன் ஷேடு சரியா வரலைனு அவங்க சொன்னாங்க. ஒரு குழந்தை முகத்துக்கு வராத அக்கறை மேசைக்கு வந்திருக்கு, படிக்கும்போதே கோபம் வருதுங்க.

டிஜிட்டல் வந்தும் முழுசா தீரல. 2020ல ஆனி லீபோவிட்ஸ்ங்கிற பிரபல போட்டோகிராஃபர், வோக் ஃபேஷன் பத்திரிகை அட்டைக்கு கருப்பின ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ எடுத்தப்போ லைட்டிங்ல அவங்க தோல் மங்கிப் போச்சுனு நிறைய பேர் விமர்சிச்சாங்க. யார் கைல கேமரா இருக்குங்கிறதும் முக்கியம். 2018ல வோக் அட்டைக்குப் பாடகி பியான்சேவ எடுத்த டைலர் மிட்செல், அப்போ 23 வயசு, அவர்தான் அமெரிக்க வோக்கோட 126 வருஷத்துல அட்டைப்படம் எடுத்த முதல் கருப்பினப் போட்டோகிராஃபர்.

இவர மாதிரி ஆளுங்க எடுத்த படங்களப் பெரிசா கலர்ல போட்டு ஞாயித்துக்கிழமை பக்கத்துல ஒரு தொடர் ஆரம்பிங்க சார், ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி