பூட்டியிருந்தது எதிர்வீடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் 31 வருஷம் தபால்காரனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு, மனை சம்பந்தமான நோட்டீஸை ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டாலே சொத்துக்காரருக்குத் தகவல் சொன்னதாகக் கணக்கு வைத்துக்கொள்கிறார்களே, அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. என் அக்கா வீடு கிட்டத்தட்ட அப்படித்தான் போகப் பார்த்தது.

அக்கா பெரம்பூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். முன் அறையிலேயே கிரைண்டர். காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் ராத்திரி ஒன்பது வரை யாராவது தூக்குவாளியோடு வந்துகொண்டே இருப்பார்கள். மாமா உயிரோடு இருந்தபோது தம்பியின் லேத் பட்டறைக் கடனுக்காக இந்த வீட்டுப் பத்திரத்தை வைத்து ஜாமீன் போட்டிருந்தார். கடன் கட்டாமல் நின்றுபோனது அக்காவுக்குத் தெரியாது. ஒரு நாள் மதியம் வங்கி ஆட்கள் வந்து கேட்டில் ஒரு தாளை ஒட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டை வங்கி சுவாதீனம் எடுத்துக்கொண்டது என்று அதில் அச்சடித்திருந்தது. மாவு வாங்க வந்த பெண்தான் படித்துச் சொன்னாள்.

கடன் நின்றுபோனால் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி சொத்தை எடுக்க வழி செய்கிற 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி, முதலில் பாக்கியைக் கட்டச் சொல்லி 13(2) நோட்டீஸ் கொடுத்து 60 நாள் அவகாசம் தந்த பிறகுதான் வீட்டின் மேல் கை வைக்க முடியும். "நோட்டீஸ் கொடுத்தாச்சே" என்றார்கள் வங்கியில். எங்கே என்று கேட்டேன். ஃபைலைப் பிரித்துக் காட்டினார்கள். திரும்பி வந்த கவர், பிரிக்காமல் அப்படியே இருந்தது.

என் வேலையே கவர் பார்ப்பதுதானே. பெயர், மாமா பெயர். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கதவு எண் 14 என்று மட்டும் போட்டிருந்தது. சென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. அக்கா வீடு பழைய எண் 14, புதிய எண் 27. புதிய எண் 14 எதிர்வரிசையில் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் துபாயில், கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியே கிடக்கும். கவரின் ஓரத்தில் நீல பால்பாயின்ட் பேனாவில் "டோர் லாக்டு" என்று எழுதி ஒரு தேதி. அதற்குக் கீழே மறுநாள் தேதி, மறுபடி "டோர் லாக்டு". ஏழு நாள் தபால் நிலையத்தில் வைத்திருந்து, அனுப்பியவருக்கே திருப்பியிருக்கிறார்கள். விசாரித்ததில், அந்த பீட்டின், அதாவது அந்தத் தெருக்களுக்கு வழக்கமாகப் போகும் தபால்காரர் அந்த வாரம் லீவு என்று தெரிந்தது. பதிலுக்குத் தற்காலிகமாக வெளியிலிருந்து வந்த அவுட்சைடர் பையன் விலாசத்தில் உள்ள எண்ணைப் பார்த்துப் போயிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பீட் மனதில் பதிய எனக்கே ஆறு மாசம் ஆனது. பழகிய ஆளாக இருந்தால் பெயரைப் பார்த்ததுமே மாவுக்கார அம்மா வீட்டு வாசலில் போய் நின்றிருப்பான்.

1897-ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவை எங்கள் வக்கீல் எடுத்துக் காட்டினார். சரியான விலாசம் எழுதி, கட்டணம் செலுத்தி, ரிஜிஸ்டர் தபாலில் போட்டால் போய்ச் சேர்ந்ததாகவே அனுமானம். சேரவில்லை என்பதை மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 2007-இல் ஒரு செக் வழக்கில் உச்ச நீதிமன்றம், "வீடு பூட்டியிருந்தது" என்ற குறிப்போடு கவர் திரும்பினாலும் இந்த அனுமானம் பொருந்தும் என்று சொல்லியிருக்கிறது. காரணம் எனக்குப் புரிகிறது. மாடியிலிருந்து என் சைக்கிளைப் பார்த்ததும் உள்ளே போய் டிவி சத்தத்தைக் குறைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்க மறுத்தவர், தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது, நியாயம்தான். ஆனால் "மறுத்தார்" என்று எழுத நான் ஆளைப் பார்த்திருக்க வேண்டும். "பூட்டியிருந்தது" என்று எழுத ஒரு பூட்டைப் பார்த்தால் போதும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் வரி பாக்கிக்காக ஒருவர் வீட்டை அரசு விற்றுவிட்டது. அவருக்கு அனுப்பிய பதிவுக் கடிதங்கள் வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்திருந்தன. சுமார் 80,000 டாலர் பெறுமான வீடு, 21,000 டாலர் சொச்சத்துக்குப் போனது. 2006-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கவர் திரும்பியது தெரிந்த பிறகும் சும்மா இருந்தது தவறு என்றது. சாதாரணத் தபாலில் ஒரு பிரதி அனுப்பியிருக்கலாம், கதவில் ஒட்டியிருக்கலாம் என்றது. தபால்காரர் கை தவறிக் கடிதக் கட்டை மழைநீர் வடிகாலில் போட்டுவிட்டதைக் கண்ணால் பார்த்தால், இன்னொரு கட்டுத் தயாரிக்க மாட்டீர்களா என்று நீதிபதி கேட்டிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம் ஊரிலும் வழி இல்லாமல் இல்லை. நோட்டீஸை வாங்காமல் தவிர்த்தால் வெளிக்கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களிலும் போடலாம் என்று சர்ஃபேசி விதிகளிலேயே இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்திலும் சம்மனைக் கதவில் ஒட்ட இடமுண்டு. சுவாதீன நோட்டீஸை ஒட்ட அதே வங்கியிலிருந்து ஆள் வந்தார்கள், சரியான வீட்டையும் கண்டுபிடித்தார்கள். கவர் திரும்பிய அன்றே அப்படி வந்திருந்தால் அக்காவுக்கு 60 நாள் முழுசாகக் கிடைத்திருக்கும்.

2025-இல் ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். முன்பு ரிஜிஸ்டர் என்றாலே பெயருக்குரியவரிடமோ அவர் அனுமதித்தவரிடமோதான் கொடுப்போம். ஸ்பீட் போஸ்ட்டில் அந்த விலாசத்தில் இருக்கும் யார் வாங்கினாலும் சரி. பெயருக்குரியவரிடமே சேர வேண்டுமானால் பதிவு என்று தனியாக 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்ட வேண்டும். வீடு போகிற நோட்டீஸுக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டும். கவர் திரும்பி வந்தால் கதவில் ஒட்டிய நாளிலிருந்துதான் 60 நாளை எண்ண வேண்டும். விலாசத்தில் பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்க வேண்டும்.

வங்கி வீட்டை எடுத்ததை எதிர்த்து மனு போட இருக்கும் 45 நாள் கெடுவுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போனோம். அக்கா மகன் பி.எஃப். பணத்தை எடுத்தான், அக்காவின் வளையல்கள் போயின, பாக்கியைத் தவணையில் கட்ட வங்கியும் சம்மதித்தது. வீடு இருக்கிறது. சொத்து வரி ரசீது இன்னும் மாமா பெயரில்தான் வருகிறது. பெயர் மாற்ற மனு கொடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
பெரம்பூர், சென்னை