மாதத்தில் ஒரு ஞாயிற்றை எங்களுக்கு விட்டுக்கொடுங்கள்

தருமபுரி மறைமாவட்டப் பங்குத்தந்தையர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிளைக்கிராமத்தில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கும் பிள்ளைகள் உண்டு. கணவர் பெங்களூரில் டைல்ஸ் வேலை செய்கிறார். நான் கேட்பது ஒன்றுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் கூட்டம், வகுப்பு, பயிற்சி எதுவும் வைக்காமல் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மறைக்கல்வி ஆசிரியையே வகுப்பு வேண்டாம் என்கிறாளே என்று தோன்றலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களில் வேலைக்குப் போகும் வழி பெரும்பாலும் ஓசூரைத் தாண்டித்தான் போகிறது. சென்ட்ரிங், பெயிண்டிங், டைல்ஸ், கம்பி கட்டுவது என்று எங்கள் ஊர் ஆண்களில் பலர் வாரம் முழுக்கக் கர்நாடகத்தில்தான் இருக்கிறார்கள். சில வீடுகளில் கணவன் மனைவி இரண்டு பேருமே போய்விடுகிறார்கள், பிள்ளைகள் பாட்டியோடு. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு கிளம்பினால் வீடு வந்து சேர நடுராத்திரி ஆகிவிடும். திங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆக, அப்பா பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது ஞாயிறு ஒரு நாள்தான்.

அந்த ஒரு நாளை நாம் எப்படிப் பங்கு போட்டிருக்கிறோம் என்று பாருங்கள். காலைத் திருப்பலி. முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. அதே நேரத்தில் பெரியவர்களுக்குப் பேரவைக் கூட்டம் அல்லது ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை. பெண்களுக்கு மரியாயின் சேனை என்ற பக்தசபை. மதியத்துக்கு மேல் இளையோர் கூட்டம், பாடகர் குழுவின் பயிற்சி. சாயங்காலம் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியம். திருவிழா சமயம் வந்துவிட்டால் வரி வசூல் வேறு. ஒவ்வொன்றும் நல்ல காரியம், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி வந்த நான்கு பேரும் இரவுச் சோற்றுக்குத்தான் மறுபடி ஒன்றாக உட்காருகிறார்கள்.

கோவிலுக்குள்ளேயும் இதே கதைதான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் முன்னால் தரையில். அம்மா எந்த இடத்தில் கண்ணை மூடுகிறாள், அப்பா விசுவாசப் பிரமாணம் சொல்கிறாரா, வாயை மட்டும் அசைக்கிறாரா என்று பிள்ளைக்குத் தெரிய வழியில்லை. அதற்குத் தெரிவதெல்லாம் நாங்கள்தான். அதுவும் பேசினால் முறைக்கும் டீச்சராக.

கிறிஸ்தவக் குடும்பத்துக்கு எது முக்கியம் என்று கேட்டால் ஜெபமாலை, ஒழுக்கம், பணிவு என்று வரிசையாகச் சொல்வோம். என் அனுபவத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது வேறு: பெற்றோர் கடவுளோடு எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்ப்பது. பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் இருக்க வேண்டும். பைபிள் வினாடி வினாவில் பரிசு வாங்கும் பிள்ளை பன்னிரண்டு திருத்தூதர்களின் பெயரையும் மூச்சு விடாமல் சொல்லும். உன் அப்பா எதற்காக வேண்டிக்கொள்வார் என்று கேட்டால் முழிக்கும்.

இது நானாகச் சொல்வதில்லை. உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை ஒரு குட்டித் திருச்சபை என்றது. பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று மறு வருடம் எழுதியது. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தில் 774-ஆம் எண், மற்ற எல்லாரையும்விடப் பெற்றோருக்குத்தான் சொல்லாலும் நடத்தையாலும் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கும் கடமை என்கிறது. அவ்வளவு ஏன், திருமணத்தில் சாமியார் மாப்பிள்ளையிடமும் பெண்ணிடமும்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்: பிள்ளைகளைக் கிறிஸ்துவின் நெறிப்படி வளர்ப்பீர்களா என்று. மறைக்கல்வி டீச்சரை எழுப்பி யாரும் கேட்பதில்லை. ஆனால் நடைமுறையில் பொறுப்பு எங்கள் கைக்கு வந்துவிட்டது. பெற்றோரும் 'ஞானோபதேசத்துக்கு அனுப்பியாச்சு' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியதும் பாதிப் பிள்ளைகள் வகுப்புக்கு வருவதில்லை. உறுதிப்பூசுதலுக்கு மீதிப் பாதி.

இணைச்சட்டம் ஆறாம் அதிகாரத்தில், வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளோடு பேசு என்று வருகிறது. அதில் வகுப்பறையே இல்லை. ஆண்டவர் இயேசுவும் பன்னிரண்டு வயதில் கோவிலில் போதகர்கள் நடுவே உட்கார்ந்திருந்தார். அப்பா அம்மா தேடி வந்ததும் கிளம்பி நாசரேத்துக்குப் போனார். முப்பது வயது வரை அந்த வீட்டில் என்ன நடந்தது என்று, பெற்றோருக்குப் பணிந்து வளர்ந்தார் என்பதற்குமேல் லூக்கா ஒன்றும் எழுதவில்லை. அவர் பணி செய்தது மூன்று வருடம் என்கிறோம், வீட்டில் இருந்தது அதைப்போல் எத்தனை மடங்கு!

வீட்டில் கற்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆணையும் பெண்ணையும் கடவுள் தம் சாயலில் படைத்தார் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிறு மதியம் கறிச்சோறு முடிந்ததும் யார் தட்டைக் கழுவுகிறார்கள், முட்டை ஒன்றுதான் இருந்தால் அது யார் தட்டுக்குப் போகிறது என்பதில்தான் பிள்ளை அதைப் படிக்கிறது. பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன மாவட்டம் என்று நம் ஊரை ஒரு காலத்தில் ஏசினார்கள். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பிற்பாடு தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. இன்றும் பதினெட்டு வயது ஆகுமுன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீடுகள் இருக்கின்றன, நம் ஆட்கள் வீடும் சேர்த்துத்தான். இதை என் கரும்பலகையில் மாற்ற முடியாது. தட்டைக் கழுவ எழுந்திருக்கும் அப்பா ஒருவர் வேண்டும், அவர் அன்று வீட்டில் இருக்கவும் வேண்டும்.

பேரவையில் இதைப் பேசியபோது ஒரு பெரியவர் சிரித்தார். 'கூட்டம் இல்லேன்னா நம்ம ஆளுங்க டாஸ்மாக்குக்குத்தாம்மா போவாங்க' என்றார். சிலர் போவார்கள், மறுக்கவில்லை. அவர்கள் கூட்டம் இருக்கும் ஞாயிறும் போகிறார்கள். எங்கள் அன்பியக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண்கள்தான். குடிக்காத, பிள்ளைமேல் பாசமுள்ள, ஆனால் என்ன பேசுவதென்று தெரியாத அப்பாக்கள்தான் ஊரில் அதிகம். வாரம் முழுக்க போனில் 'படிச்சியா, சாப்பிட்டியா, மார்க் எவ்வளவு' என்று மூன்று கேள்விதான். நேரில் வந்தாலும் மார்க்கில் ஆரம்பித்து அடியில் முடிகிறது. பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள், மனம் சோர்ந்துபோவார்கள் என்று கொலோசையருக்குப் பவுலடிகளார் எழுதியதை ஒரு மறையுரையில் அப்பாக்களைப் பார்த்துச் சொல்லுங்கள். 'பிள்ளைகளே, பெற்றோருக்குக் கீழ்ப்படியுங்கள்' என்ற முந்தின வசனத்தைக் கேட்டுக் கேட்டு எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

அப்புறம், பாட்டிகள். திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் அவன் பாட்டியிடமும் தாயிடமும் இருந்தது என்று பவுலடிகளார் எழுதுகிறார். தகப்பன் கிரேக்கர் என்பதற்குமேல் அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. இன்று எங்கள் கிராமங்களில் பாதி வீடு அப்படித்தான் ஓடுகிறது. இரவில் விளக்கேற்றி ஜெபமாலை சொல்ல வைப்பது பாட்டிதான், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். 2021 முதல் ஜூலை நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டிகள், முதியோர் நாளாகத் திருச்சபை கொண்டாடுகிறது. சால்வை போட்டு அனுப்புவதோடு நிறுத்தாமல், பிள்ளை வளர்க்கும் பாட்டிகளை உட்கார வைத்து அவர்கள் கஷ்டம் என்ன என்று கேளுங்கள். போனைப் பிடுங்க முடியாமல் அவர்கள் படும் பாடு தனிக் கதை.

நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். அன்று குடும்பம் குடும்பமாகக் கோவிலில் உட்காரட்டும். முதல் தடவை பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. மறைக்கல்வி வகுப்புக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறேன்: அன்றைய நற்செய்தியிலிருந்து ஒரே ஒரு கேள்வி, பிள்ளை அப்பாவிடம் கேட்பதற்கு. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவும் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கும், அது என் பொறுப்பு. கூட்டங்கள் மற்ற மூன்று ஞாயிறுகளில் நடக்கட்டும். நம் சபைகள் நடத்தும் பள்ளிகளிலாவது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் 'உங்க பிள்ளை மார்க் குறைஞ்சா கேக்காதீங்க' என்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தோடு புது வழிபாட்டு ஆண்டு தொடங்கும்போது பங்கின் வருட அட்டவணையை அச்சடிக்கிறீர்கள். அதில் இரண்டாம் ஞாயிறுகளுக்கு நேரே 'திருப்பலி' என்று மட்டும் போட்டு, மீதியைக் காலியாக விடுங்கள். எங்கள் கிளைக்கிராமத்தில் ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று நானே பேரவையில் வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை