வளரிளம் பருவத்தினர் நலவாழ்வு வகுப்புகள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்பிவைத்த பெற்றோருக்கும் வணக்கம். நம் சங்கம் ஊர்ப் படிப்பகத்தில் சனிக்கிழமைகளில் நடத்திவரும் நலவாழ்வு வகுப்புகளின் ஆண்டுப் பணியைப் பேரவையின் முன் வைக்கிறேன்.

பள்ளியில் பாடம் இருக்கும்போது நாம் எதற்கு என்று சென்ற பேரவையில் சிலர் கேட்டார்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் பருவமடைதலும் பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கமும் பாடமாக இருப்பது உண்மைதான். ஆயினும், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று அந்தப் பக்கங்கள் தாண்டப்பட்டதை நம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளே சொன்னார்கள். வீட்டில் யாரிடம் கேட்பது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

பெண்பிள்ளைகளின் வகுப்புக்குக் கிராம சுகாதார செவிலியர் பழைய சுங்குடிச் சேலைத் துணியில் கர்ப்பப்பை மாதிரி ஒன்றைத் தைத்து எடுத்துவந்தார். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைத் தன் கைமுட்டியோடு வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா நர்சம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. ஊறுகாயைத் தொட்டால் கெட்டுப்போகுமா என்பதில் தொடங்கி, மாதவிடாய் இரண்டு மாதம் தள்ளிப்போனால் என்ன செய்வது என்பது வரை கேட்டார்கள். வளரிளம் பெண்களுக்கு அரசு இலவசமாக நாப்கின் வழங்கும், 2012 முதல் நடைமுறையில் உள்ள புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம், அதாவது 18 நாப்கின்கள் கிடைக்கின்றன. உதிரப்போக்கு அதிகமுள்ள பெண்களுக்கு அது ஒரு மாதத்துக்குக்கூடப் போதவில்லை என்ற குறையைச் செவிலியர் வழியாகத் தெரிவித்திருக்கிறோம். வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து எறிந்தவர்கள் இருந்தார்கள். அது இயல்புதான், சாப்பிட்ட பிறகு விழுங்கினால் குமட்டல் குறையும் என்று சொன்னதும் பலர் மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். தமிழகத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) கூறுகையில், இதைச் சிறிய காரியமாக நான் கருதவில்லை.

முதல் ஆறு மாதம் ஆண்பிள்ளைகளுக்கென வகுப்பே வைக்காதது நம் தவறு. அதற்குச் செயலாளர் என்ற முறையில் நானே பொறுப்பு. பின்னர் படிப்பக வாசலில் பெயர் எழுதத் தேவையில்லாத கேள்விப் பெட்டி ஒன்றை வைத்தோம். அதில் விழுந்த சீட்டுகளில் மிகுதியானவை, தூக்கத்தில் விந்து வெளியேறினால் உடம்பு கெட்டுவிடுமா என்பதைப் பற்றியவை. பேருந்து நிலையச் சுவரொட்டிகள் விதைத்த பயம் அது. அது இயற்கையானது, மருந்தே தேவையில்லை என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் விளக்கிய அன்று, லாட்ஜில் முகாமிடும் வைத்தியருக்குக் கொடுக்கப் பணம் சேர்த்துவைத்திருந்த பையன் ஒருவன் வகுப்பு முடிந்தும் எழுந்து போகாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

உடலைப் பற்றிய அறிவு மட்டும் பிள்ளைகளைக் காப்பாற்றாது என்பதால், முடிவெடுத்தல், பிறர் உணர்வை அறிதல் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களைப் பட்டியலாக ஒப்பிக்க வைக்காமல் நடித்துப் பழக வைத்தோம். பழகிய ஒருவன் கைப்பேசியில் படம் அனுப்பச் சொல்லி வற்புறுத்துகிறான். எப்படி மறுப்பது, படம் ஏற்கெனவே போய்விட்டால் யாரிடம் சொல்வது? இந்த ஒரு காட்சியையே நான்கு வாரம் நடித்தார்கள். மறுப்பதைக் காட்டிலும், மறுப்பைக் கேட்டு விலகிக்கொள்வதற்கே பையன்களுக்கு அதிகப் பயிற்சி தேவைப்பட்டது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும். ஆகவே, அத்தகைய செய்தியை எங்களால் ரகசியமாக வைத்திருக்க முடியாது என்பதை முதல் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். பிறகு சொன்னால் அது நம்பிக்கைத் துரோகமாகிவிடும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். பெற்றோர் கூட்டத்துக்குத் தாய்மார் நிறைந்திருந்தும் தகப்பன்மார் நால்வரே வந்ததால், வரும் ஆண்டில் அக்கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றவும், ஆண்பிள்ளைகள் வகுப்பை ஜூன் மாதமே தொடங்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்விரண்டையும் இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்