விசிட் விசாவில் போனவளைக் குற்றவாளியாக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சட்டவிரோதமாக வெளிநாடு போகும் பெண்களைத் தடுக்க விமான நிலையச் சோதனையைக் கடுமையாக்க வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மாதர் சங்கத்தில் வேலை செய்கிற எனக்கு அதை ஏற்க முடியவில்லை.

ஏறாவூர், கிரான், வாகரை, அந்தப் பக்கம் சம்மாந்துறை, பொத்துவில், எங்கே போனாலும் வளைகுடாவுக்குப் போன பெண்கள் இருக்கிறார்கள். நுண்கடன்காரர் வாசலில் நிற்கிற நேரம் பார்த்துச் வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் சப் ஏஜென்ட் முற்பணத்தோடு வருகிறான். வெளிநாடு போகும் பெண்ணின் பிள்ளைகளையும் வீட்டு நிலையையும் பார்க்கும் குடும்பப் பின்னணி அறிக்கை 2013 இல் வந்தது; ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்குப் போக முடியாமல் போனது. 2022 இல் அந்த வயதை இரண்டாக்கினார்கள். பிள்ளைகளின் நன்மைக்கு என்றார்கள், சரி. ஆனால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய முடியாதவளுக்கு ஏஜென்ட் விசிட் விசாவைக் காட்டினான். அதில் போனால் ஒப்பந்தமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. ஓமானில் விற்கப்பட்ட பெண்களின் விவகாரம் 2022 நவம்பரில் வெடித்ததே, அவர்களும் விசிட் விசாவில் கொண்டுபோகப்பட்டவர்கள்தான். அதில் எங்கள் தூதரக அதிகாரி ஒருவரே கைதானார்.

திரும்பி வந்த ஒரு தங்கச்சியோடு முறைப்பாடு செய்யப் போனேன். பாஸ்போர்ட்டைப் போய் இறங்கிய அன்றே பிடுங்கிவிட்டார்களாம். அவளிடம் இருந்தது போனில் எடுத்த விசாவின் மங்கலான படம் மட்டும். முறைப்பாட்டை எழுத உட்கார்ந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "பணியகத்தில் பதியாமல் ஏன் போனனீர்? அங்கே என்ன வேலை செய்தனீர்?" கதிரை நுனியில் இருந்தவள் பெயரைக்கூடச் சொல்லாமல் எழும்பிவிட்டாள். அனுப்பியவன் யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

2006 இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவை, ஏமாற்றியோ இயலாமையைப் பயன்படுத்தியோ பாலியல் சுரண்டலுக்கு ஆள் சேர்ப்பவனுக்கு 2 முதல் 20 வருடம் வரை சிறை என்கிறது. ஐ.நா.வின் ஆட்கடத்தல் நெறிமுறையை 2015 இல் இலங்கை உறுதிப்படுத்தியது. ஏமாற்றி வாங்கிய சம்மதம் செல்லாது என்பது அதில் உண்டு. இருந்தும் வெள்ளைக்காரன் காலத்து, 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தில், பாலியல் தொழில் செய்கிறாள் என்று பெண்ணைப் பிடிப்பதுதான் எங்கள் பொலிஸாருக்குப் பழகிய வழி. இங்கே பிடிபடும் வெளிநாட்டுப் பெண்களின் கதையும் இதேதான். விசா மீறல் என்று விமானத்தில் ஏற்றிவிட்டால், கொண்டுவந்தவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல யார் இருப்பார்கள்?

இந்தப் பெண்கள் அனுப்பும் றியாலும் தினாரும் நாட்டுக்கு வேண்டும். அப்படியானால் அவர்களின் பாதுகாப்பும் நாட்டின் பாதுகாப்புத்தான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படி வரும் பெண்ணிடம் தமிழ் பேசும் பெண் அதிகாரி ஒருவர், மூடிய அறையில், வாக்குமூலம் எடுக்க வேண்டும். பதியாமல் போனதற்காக அவள்மேல் வழக்கு வராது என்பதை முதலிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும். சப் ஏஜென்டின் பெயரை அவள் அப்புறம் தானாகவே சொல்வாள்.

இப்படிக்கு,
மாதர் சங்க உறுப்பினர் ஒருவர்,
செங்கலடி.